உரைகல் சொல்லாத கணக்கு

வல்வெட்டித்துறையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கடலிலிருந்தே தொடங்கியுள்ளனர். அது முறையே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், வடமராட்சியில் அமைந்த இச்சிறிய துறை, பாய்க்கப்பல் கட்டியும் ஓட்டியும் வாழ்ந்த ஊர். இரங்கூனுக்கும் நாகபட்டினத்துக்கும் அதன் கப்பல்கள் சென்று மீண்டன. இங்கே கட்டப்பட்ட “அன்னபூரணி” அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, “புளோரன்ஸ் சி. றொபின்சன்” என்று பெயர் மாற்றப்பெற்று, இவ்வூர் மாலுமிகளின் கைத்திறத்தால் 1938இல் மசசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த செய்தியைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்.

ஆயின், கப்பல் பாய்விரித்துப் புறப்பட்டபின் கரையில் எஞ்சிய வீடுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வீடுகளின் உள்ளறையில், பெட்டகத்தின் அடித்தட்டில் துணிமுடிச்சாகக் கிடந்த சில பவுண் பொன்னுக்கும், கறுத்துப்போன வெள்ளிக்கும் வரலாறு உண்டு. கப்பல்களின் கதையை எழுதியோர் அம்முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாரல்லர். நாம் அதனையே அவிழ்த்துப் பார்க்க விரும்புகின்றோம்.

கைவேலை நகையை எவ்வாறு பேணுவது என்பது பற்றிக் கட்டுரை எழுதப் போவதாக நாம் கூறியபோது, ஆசிரிய நண்பர் ஒருவர் முகஞ்சுளித்தார். “பெண்கள் பகுதிக்குரிய சில்லறை விடயம் அல்லவா?” என்றார். சில்லறை என்று நாம் ஒதுக்கியவற்றிலேதான் உழைப்பின் வரலாறும் உடைமையின் வரலாறும் ஒளிந்து கிடக்கின்றன என்பதை அவருக்கு அன்று விளக்க நேரம் போதவில்லை. இக்கட்டுரையை அந்த மறுமொழியாகவும் கொள்ளலாம்.

அண்மையில் அவ்வூர் ஆச்சி ஒருவர் தம் நகைகளைக் கழுவியதை அருகிருந்து காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. முற்றத்து வேம்பின் நிழலில் ஓலைப்பாய். பாயின்மேல் வெள்ளைத் துணி. இரண்டு கிண்ணங்களில் நீர்; ஒன்றில் பூந்திக்கொட்டை ஊறிக்கொண்டிருந்தது. தாலிக்கொடி, ஒரு சோடி காப்பு, முத்துப் பதித்த அட்டியல், பவளச்சரம், சிறுமியாயிருந்தபோது காலில் அணிந்த வெள்ளித் தண்டை. இவ்வளவே. கொடியை நுரையில் நனைத்துப் பழைய மென்துணியால் ஒற்றி எடுத்தார். அட்டியலை நீரிலே போடவில்லை. ஈரத்துணியால் முன்பக்கத்தை மட்டும் துடைத்தார். பவளத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே வைத்தார். கிண்ணத்து நீர் ஆறிவிட்டதே, சிறிது சூடாக்கித் தரட்டுமா என்று நாம் கேட்டோம்.

“காப்புக்குச் சுடுதண்ணி ஆகாது தம்பி. உள்ளுக்கு அரக்கு இருக்கு” என்றார்.

எம்மை இக்கட்டுரைக்கு இழுத்து வந்தது அந்த ஒரு வாக்கியமே. அந்த ஆச்சி எந்த நூலையும் படித்து அதனைக் கூறவில்லை. நகை எவ்வாறு செய்யப்பட்டது என்பதை அறிந்தவர் கூறிய சொல் அது. செய்தவனின் அறிவு அணிந்தவளின் அறிவாக மாறி, அவள் பேணும் முறையில் உயிர்த்திருக்கிறது. வங்கியின் அடைவுப் பகுதியிலும் நகைக்கடையின் மேசையிலும் அந்த அறிவுக்கு இடமில்லை. அங்கே இரண்டு கேள்விகளே உண்டு: எத்தனை பவுண், என்ன மாற்று? தராசு ஒன்றைச் சொல்லும். உரைகல் மற்றதைச் சொல்லும். இரண்டும் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கின்றது.

தட்டாரின் பட்டறையைச் சற்று நின்று பார்ப்போம். யாழ்ப்பாண நகரில் தட்டாதெரு என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது; வடமராட்சியின் ஊர்களிலும் பொற்கொல்லர் வீட்டுத் திண்ணையே பட்டறையாக இருந்தது. நெருப்புச் சட்டி, ஊதுகுழல், மூசை, குறடு, சிறு சுத்தியல்கள், உரைகல், குன்றிமணியும் மஞ்சாடியும் படிக்கற்களான சிறு தராசு. இவற்றோடு, கண்ணும் மூச்சும். ஊதுகுழலால் நெருப்பை ஒரு புள்ளியிற் குவிப்பது மூச்சை அடக்கி ஆளும் தொழில். தூய பொன் 1064 பாகையில் உருகும். வெள்ளி 962 பாகையில் உருகும். நகையின் உடல் உருகாமல், அதன் இரு நுனிகளை இணைக்கும் பற்றாசு மட்டும் உருக வேண்டும். வெப்பமானி கிடையாது. பொன் சிவந்து, பின் ஒளிர்ந்து வரும் நிறத்தைக் கண்டே கையை நிறுத்த வேண்டும். ஒரு கொடியில் நூற்றுக்கணக்கான வளையங்கள் இருப்பின், அத்தனை முறையும் அவ்வாறே நிறுத்த வேண்டும்.

தூய பொன் மெதுவானது, தனித்து நகையாகாது. ஆதலின் 24 பங்கில் 22 பங்கு பொன்னும், எஞ்சியது செம்பும் வெள்ளியுமாகக் கலப்பர். உருக்கிய பொன்னைச் சலாகையாக அடித்து, படிப்படியாகச் சிறுக்கும் துளைகளையுடைய இரும்புத் தகட்டினூடே இழுத்துக் கம்பியாக்குவர். பொன்னை மெல்லிய தகடாகத் தட்டி, அதனை அரக்கின்மேல் பதித்து, பின்புறமிருந்தும் முன்புறமிருந்தும் உளியால் தட்டிப் பூவும் கொடியும் எழுப்புவர். காப்பைக் குழலாகச் செய்து, நசுங்காதிருக்க உள்ளே அரக்கை நிரப்புவர். கெம்புக் கற்களைப் பதிக்குமிடத்து, கல்லின் அடியில் மெல்லிய தாளை வைத்து ஒளியைத் திருப்பி அனுப்புவர். எல்லாம் முடிந்தபின் புளியும் உப்பும் சேர்த்த நீரில் கொதிக்கவைப்பர். மேற்பரப்பிற் கறையாக நின்ற செம்பு கரைந்து, பொன் செறிந்த மெல்லிய தோல் ஒன்று மேலே தங்கும். பழைய நகையின் அந்த ஆழ்ந்த மஞ்சள் நிறம் இத்தோலின் நிறமே.

இப்போது ஆச்சியின் ஒவ்வொரு செயலுக்கும் காரணம் விளங்கும். அரக்கு 70, 80 பாகை வெப்பத்திலேயே இளகும்; சுடுநீரில் இட்ட காப்பு உள்ளே வெறுமையாகிப் பின் ஒரு தட்டில் நெளியும். கெம்பின் அடியிலுள்ள தாளில் நீர் புகுந்தால் கல் இருண்டுவிடும். அதனைப் பலர் கல் செத்துவிட்டது என்பர். முத்தும் பவளமும் சுண்ணாம்புப் பொருள்கள். தேசிக்காய்ப் புளி பட்டால் அரித்துப்போகும். பற்பசையால் நகை தேய்க்கும் இக்காலத்து வழக்கம் பொன்னின் மேல்தோலையே உரித்துவிடுகின்றது. “பளிச்சென்று ஆகிவிட்டது” என்று மகிழ்கிறோம். பளிச்சிடுவது தட்டார் வெளியே காட்ட விரும்பாத உட்பொன். உளியின் நுண்கோடுகளும் அத்துடன் தேய்ந்து மறைகின்றன.

வெள்ளியின் கதை வேறு. வெள்ளி கறுப்பதற்குக் கடல் உப்பே காரணம் என்பது அவ்வூரில் நிலவும் எண்ணம். அது பாதி உண்மை. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களே வெள்ளியோடு கூடிக் கருமையைத் தருகின்றன; கடற்கரையின் ஈரம் அதனை விரைவுபடுத்துகின்றது. இறப்பர் வளையத்தாற் கட்டி வைத்தாலும் கம்பளித் துணியிற் சுற்றி வைத்தாலும் வெள்ளி மிக விரைவில் கறுப்பது, அவற்றிலுள்ள கந்தகத்தினாலேயே. பருத்தித் துணியிற் சுற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியே, காற்றுப் புகாத பெட்டியில் வைப்பதே நன்று. ஆச்சி தண்டையைத் திருநீற்றால் மெல்லத் தேய்த்தார். ஆனால் பூவேலையின் பள்ளங்களில் இருந்த கருமையை விட்டுவிட்டார். அக்கருமை போய்விட்டால் பூவே தெரியாது என்பது அவர் கண்ட உண்மை. இறுதியில் எல்லாவற்றையும் நல்ல நீரில் அலசி, உடனே துடைத்து, நிழலில் உலர்த்தினார். குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடே ஊறுவது. நகையின்மேல் தானாகக் காயவிட்டால் வெண்படலம் படியும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லி இப்பகுதியை முடிக்கலாம். உடைந்த வெப்பமானியின் பாதரசம் பட்ட பொன் வெளுத்துவிடும். அதனை வீட்டில் சுரண்டவோ சுடவோ கூடாது, ஆவி நஞ்சு. குளோரின் இட்ட நீரில் நகையோடு நெடுநேரம் வேலை செய்வதும் பற்றாசு இட்ட ஒட்டுகளுக்குக் கேடு. ஆண்டுக்கு ஒருமுறை கொடியின் வளையங்களையும் காதணியின் திருகையும் தட்டாரிடம் காட்டுவது பழைய வழக்கம், நல்ல வழக்கம்.

இனி, அந்தப் பொன் வீட்டுக்குள் வந்த வழியைப் பார்ப்போம்.

பவுண் என்ற சொல்லே ஒரு வரலாறு. ஆங்கிலேயரின் ஒரு பவுண் மதிப்புள்ள பொற்காசு ஏறக்குறைய 8 கிராம் நிறையும் 22 மாற்றும் கொண்டது. ஆளவந்தவனின் அரசியும் அரசனும் பொறிக்கப்பட்ட அக்காசு எம்மவர் வீட்டில் நிறுவைக்கும் மாற்றுக்கும் அளவுகோலாயிற்று. காசு வழக்கொழிந்தபின்னரும் சொல் நிலைத்துவிட்டது. யாழ்ப்பாணத்துத் திருமணங்களில் இன்றும் நடைபெறும் பொன்னுருக்கல் சடங்கு இதன் நேரான நினைவு. நல்ல நாள் பார்த்து, மணமகன் வீட்டில், நிறைகுடமும் விளக்கும் வைத்து, பொற்காசை மூசையிலிட்டு உருக்குவர். அப்பொன்னிலேயே தாலி செய்யப்படும். பொன்னுருக்கல் முடிந்தபின் தாலி ஏறும்வரை மணமக்கள் ஒருவரையொருவர் காணலாகாது என்பர். சடங்கில் சமயம் எவ்வளவு, ஐயம் எவ்வளவு என்பது ஆராயத்தக்கது. கண்ணெதிரே உருக்கினால் பொன் குறையாது, கலப்படம் நேராது. சபை முழுவதும் சாட்சி. தட்டார் அன்று சபையின் நடுவில் அமர்வார், மதிக்கப்படுவார், வெற்றிலை பாக்கோடு தட்சிணையும் பெறுவார். அதே வேளையில் அத்தனை கண்களும் அவர் கையையே நோக்கியிருக்கும்.

இந்த ஐயம் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கொல்வித்தவன் பொற்கொல்லன் ஒருவன். அவன் ஒருவனின் வஞ்சத்துக்காக, கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பத்தினிக்குப் பலியிட்டான் என்று அக்காப்பியம் கூறுகின்றது. வகுப்பறைகளில் நாம் கண்ணகியின் கற்பையும் பாண்டியனின் நீதியையும் எத்தனை முறை எடுத்துரைத்திருப்போம்! அந்த ஆயிரவரைப் பற்றி எத்தனை முறை வினவியிருக்கின்றோம்? நீதியை நிலைநாட்டிய கதையில் விசாரணையின்றி மாண்ட கைவினைஞர் ஆயிரவர். தாயின் பொன்னிலும் தட்டான் மாவளவு எடுப்பான் என்ற பழமொழி அக்கதையின் எச்சமாகவே எமக்குத் தோன்றுகின்றது. அராவும்போது தூளாகவும், உருக்கும்போது கழிவாகவும் பொன் ஓரளவு குறைவது தொழிலின் இயல்பு. சேதாரம் என்ற பெயரில் இன்று பெருங்கடைகள் பெறும் தொகை தட்டாரின் பட்டறைத் தூசியைப் போலப் பலமடங்கு. அதனைக் களவு என்று பழமொழி சொல்வதில்லை.

பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால் நகையின் பொருள் மேலும் விரிகின்றது. யாழ்ப்பாணத்து வழக்குகளை ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி 1707இல் தொகுத்தளித்தார். ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்டவலிமை அளித்தனர். தேசவழமை என நாம் அறியும் அச்சட்டத்தில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற பாகுபாடுகள் உண்டு. சீதனத்தில் காணியோடு நகையும் இடம்பெறும். அதன்பின், யாழ்ப்பாணத் திருமண உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒரு நுட்பமான கோட்டை வரைந்தது. மணமான பெண் தன் தனிச்சொத்தாகிய காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டும். அசையும் பொருளாயின் வேண்டியதில்லை.

இதன் பொருள் யாது? காணி அவள் பெயரில் இருந்தாலும் அவள் கையில் இல்லை. கழுத்திலும் கையிலும் கிடந்த பொன் மட்டுமே, எவர் கையெழுத்துமின்றி அவள் தன் விருப்பப்படி கொடுக்கவும் அடைவு வைக்கவும் கூடிய சொத்து. கணவன் மாதக்கணக்கில் கடலில் இருக்கும் ஊரில் இந்த வேறுபாடு வெறும் சட்ட நுணுக்கம் அன்று. பிள்ளைக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடச் செலவு, வாடைக்காற்றில் வருமானம் நின்ற மாதங்கள் என எதற்கும் கப்பல் திரும்பி வரும்வரை காத்திருக்க முடியாது. நகை பேணுதல் அழகுணர்ச்சியின் வேலை மட்டுமென எண்ணுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். ஒட்டு விட்டுப்போன கொடியும் நசுங்கிய காப்பும் அவசர வேளையில் குறைவாகவே மதிக்கப்படும். தேயாமற் காப்பது, அந்தச் சிறிய சுதந்திரத்தைத் தேயாமற் காப்பது.

ஆயின் இதனைப் புகழ்ந்து நின்றுவிடவும் எம்மால் இயலாது. அதே பவுண் கணக்குத்தான் பெண்ணைப் பெற்றவர்களை முறித்தது. கொடி 9 பவுணா, 11 பவுணா, 15 பவுணா என்ற ஒற்றைப்படைப் பேரத்தில் எத்தனை சகோதரர்களின் இளமை கழிந்தது! இச்சமுதாயம் பொன்னை ஒருசாரார்க்குக் கட்டாயமாக்கியது; மறுசாரார்க்குத் தடைசெய்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் பொன்னகை அணிவதும், அவர்தம் பெண்கள் மேலாடை அணிவதும் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தன, மீறியோர் தாக்கப்பட்டனர். 1844இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல்தான் வந்தது. இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளில், பேணுவதற்குக் கூட ஒரு பொன் இல்லாதிருந்த பெண்களின் பெட்டகத்தை எந்த அருங்காட்சியகம் காட்டப்போகின்றது?

உலகச் சந்தை இம்முடிச்சுகளை அறியாதிருந்ததில்லை. 1931 செப்டெம்பரில் பிரித்தானியா பொன் நாணய முறையைக் கைவிட்டது. பொன்னின் விலை ஏறியது. விளைபொருளின் விலையோ பெருமந்தத்தில் வீழ்ந்து கிடந்தது. பாக்குநீரிணையின் அக்கரையில், வரியும் கடனும் கட்ட முடியாத உழவர் வீட்டு நகைகள் உருக்கப்பட்டு, பாளமாகி, பம்பாய்த் துறைமுகத்தினூடே இலண்டனுக்குச் சென்றன. அக்காலப் பொருளியலார் அதற்கு “நெருக்கடிப் பொன்” என்று பெயரிட்டனர். ஏகாதிபத்தியத்தின் நாணயத்தைத் தாங்கியது எந்த ஊர்த் தட்டார் செய்த பூவேலை என்பது பாளத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை.

முப்பது ஆண்டுகளின் பின், அடி வேறுதிசையிலிருந்து விழுந்தது. சீனப் போரின் நெருக்கடியில் இந்திய அரசு 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. 14 மாற்றுக்கு மேற்பட்ட புதுநகை செய்தல் தடுக்கப்பட்டது. பதுக்கல்காரரைத் தண்டிக்கப் புறப்பட்ட சட்டம் ஊதுகுழல் பிடித்தவனையே முதலில் தண்டித்தது. பல்லாயிரம் பொற்கொல்லர் வேலையிழந்தனர். தற்கொலைச் செய்திகள் நாளிதழ்களில் வந்தன. 1968இல் சட்டம் நிலையாக்கப்பட்டு, 1990இல்தான் முற்றாக நீக்கப்பட்டது. தடையும் விலை வேறுபாடும் இருந்தவிடத்தில் கள்ளக்கடத்தல் தழைத்தது. அக்காலத்திலே வல்வெட்டித்துறையின் பெயர் இருகரைகளிலும் இக்கடத்தலோடு சேர்த்துப் பேசப்பட்டதை மறைப்பதில் பயனில்லை. நூற்றாண்டுகளாக இயல்பான வாணிபப் பாதையாக இருந்த கடலின் நடுவே இரண்டு அரசுகள் கோடு கிழித்தன. பாய்க்கப்பல் தொழிலோ நீராவிக் கப்பலின் முன் நலிந்துவிட்டிருந்தது. இவ்விரு காரணங்களையும் விட்டுவிட்டு ஓர் ஊரின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவோர் வரலாறு பேசுவோர் அல்லர். பாளமாகக் கடல் கடந்த பொன்னின் பெரும் இலாபம் படகோட்டியின் மனைவியின் கழுத்தில் ஏறியதாகவும் நாம் கேள்விப்பட்டதில்லை.

பின்னர் வந்தது போர். அதனை விரித்துரைக்க இக்கட்டுரை போதாது. நகையைப் பற்றிய அளவில் சிலவற்றைக் குறிப்போம். 1987 மே மாதம் வடமராட்சிப் படையெடுப்பின்போது மக்கள் உடுத்த துணியோடு கோயில்களுக்கும் பள்ளிகளுக்கும் ஓடினர். நகையை மடியிற் கட்டிக்கொண்டவர்கள் சிலர். கிணற்றடியிலும் வாழைப்பாத்தியிலும் புதைத்துவிட்டுப் போனவர்கள் பலர். 1989 ஆகஸ்டு 2, 3ஆம் நாள்களில் இந்தியப் படையினர் வல்வெட்டித்துறையில் 50க்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றனர். வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் விடுதலைப் புலிகள் குடும்பத்துக்கு இரண்டு பவுண் வீதம் திரட்டினர். வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பும் முகவருக்கும் நகையே கொடுக்கப்பட்டது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இன்று தலைநிமிர்ந்து வாழும் பல குடும்பங்களின் முதல் பயணச்சீட்டு ஒரு தாயின் காப்பாகவோ அட்டியலாகவோ இருந்தது. அரசும் எதிர்ப்படையும் முகவரும் வங்கியும் ஒன்றில் ஒன்றுபட்டிருந்தனர். எல்லோரும் பொன்னை நிறுத்தே வாங்கினர்.

2009இல் போர் முடிந்தபின் வன்னியில் படையினர் கைப்பற்றிய நகைகள் பல ஆண்டுகள் அரசின் காவலில் இருந்தன. அவற்றுள் ஒரு பகுதி 2025 மே மாதத்தில் இராணுவத்தால் பொலிசாரிடம் ஒப்படைக்கப்பட்டது. உரியவர்களைக் கண்டறிவது எவ்வாறு என்ற கேள்வி எழுந்தது. இவ்விடத்தில் மீண்டும் சிலப்பதிகாரத்தை நினைக்காதிருக்க முடியவில்லை. அரசியின் சிலம்பையும் கண்ணகியின் சிலம்பையும் நிறையாலோ மாற்றாலோ வேறுபடுத்த முடிந்திருக்காது. உள்ளே முத்தா மாணிக்கமா என்ற செய்ந்நுட்பமே உண்மையை உடைத்துக் காட்டியது. அச்சில் வார்த்து, ஆயிரக்கணக்கில் ஒரேவிதமாக வரும் சங்கிலியை எவளும் தன்னுடையது என்று நிறுவ முடியாது. கைவேலை நகையோ அவ்வாறன்று. இடப்புறத் தோட்டின் மூன்றாம் இதழ் சற்றுச் சாய்ந்திருக்கும். கொடியின் ஓர் ஒட்டு மற்றவற்றினும் தடித்திருக்கும். ஐம்பது ஆண்டுகள் அதனைக் கழுவித் துடைத்தவளின் விரல் அதனை இருளிலும் அறியும். அந்த அறிவைச் சாட்சியமாக ஏற்க எந்தப் பட்டியலில் இடம் இருக்கின்றது?

தட்டாரின் நிலையையும் சொல்லாமல் விடலாகாது. 22 மாற்று நகையின் ஒட்டுகளுக்குக் கட்மியம் கலந்த பற்றாசைப் பயன்படுத்தும் முறை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. “கே.டி.எம்.” என்று கடைகள் பெருமையோடு விளம்பரப்படுத்திய நகை அதுவே. உருக்கும்போது எழும் கட்மியப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது. வாங்குபவளுக்கு மாற்றுக் குறையாத நகை. செய்தவனுக்கு மூச்சுக் குறைந்த மார்பு. இன்று இயந்திர நகை வந்தபின் அம்மூச்சுக்கும் வேலையில்லை. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியின் கண்ணாடிப் பெட்டிகளில் மின்னுபவற்றுட் பல இயந்திரத்திற் பிறந்தவை. பழுதுபார்க்கவும் பழைய நகையை உருக்கவுமே தட்டாரிடம் போகின்றனர். தன் தந்தை செய்த பூவேலையைத் தன் மூசையிலேயே உருக்க நேர்ந்ததாக முதிய பத்தர் ஒருவர் எம்மிடம் கூறினார். கூறிவிட்டுச் சிரித்தார். நாம் சிரிக்கவில்லை.

2022இல் ரூபா வீழ்ந்தபோது அடைவுக் கடைகளிலும் வங்கிகளிலும் நின்ற வரிசைகளை எவரும் மறந்திரார். மீட்கப்படாதவை ஏலத்துக்குப் போயின. பெரும்பாலும் ஏலத்திலிருந்து உருக்குலைக்கு. பழைய நகை கொடுத்துப் புதியது வாங்கும் வழக்கிலும் முடிவு அதுவே. கல்லின் நிறையைக் கழிப்பர். அரக்கின் நிறையைக் கழிப்பர். அழுக்கின் நிறையையும் கழிப்பர். முதலில் கொடுத்த செய்கூலியோ கணக்கிலேயே வராது. இரண்டு மாதம் ஒருவர் குனிந்திருந்து செய்த வேலையின் விலை, மறுமுறை தராசில் ஏறும்போது சுழி.

வறுமையினால் விற்பவரைக் குறைகூற நாம் யார்? வயிற்றுக்கு முன் பூவேலை பெரிதன்று. ஆயின் உருக்குமுன் அதனை ஒரு படமாவது எடுத்துவைக்கலாம். எந்த ஆண்டு, எந்த ஊரில், எவர் கையாற் செய்யப்பட்டது, எதற்காக அடைவு போயிற்று, எப்போது மீண்டது என்று எழுதிவைக்கலாம். ஊர்ப் பாடசாலைகளின் உயர்வகுப்பு மாணவர் ஒரு விடுமுறையில் தத்தம் வீட்டுப் பெட்டகத்தைப் பற்றி இவ்வாறு எழுதுவாராயின், கப்பல்களின் வரலாற்றுக்கு அருகில் வைக்கத்தக்க ஏடு ஒன்று உருவாகும். ஆசிரிய நண்பர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம், முகஞ்சுளித்த நண்பரும்தான்.

ஆச்சி வீட்டில் அன்று அதனைத் தொடங்கியும் பார்த்தோம். பேர்த்தி ஒரு கொப்பியை எடுத்து வந்தாள். கொடி: 11 பவுண். இருமுறை அடைவு, இரண்டாம் முறை மூத்த மகன் கப்பலேறியபோது. காப்பு: தாயாருடையது, 1987இல் வாழையடியில் 40 நாள் இருந்தது. தண்டை: ஐந்து வயதில் செய்தது. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். செய்தவர் பெயர் என்ற இடம் வந்ததும் ஆச்சி நெடுநேரம் யோசித்தார். காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கும் பொறித்திருக்கவில்லை.

“பத்தர் எண்டு எழுது பிள்ளை” என்றார்.